வடிவும் சத்தமும்

பெட்ஃபர்ட்ஷயரில் ஓல்ட் வார்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே புல்தரை ஓடுபாதையோடு ஒரு சின்ன விமானத்தளம் இருக்கிறது. ஷட்டில்வேர்த் சேகரிப்பு என்ற பழைய விமானங்களின் தொகுதி அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. கோடையில், காட்சி நாட்களில், அவை வெளியே வந்து பறக்கும். பத்து வருடங்களாக நான் போய்வருகிறேன். முதற் காரணம் வாசனை. முதலாம் உலகப் போர்க்காலத்துச் சுழல் எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய்தான் மசகு. எரிந்தும் எரியாததுமாக அது புகையோடு வெளியேறிப் புல்வெளி முழுக்கப் பரவும். பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரக் கிழவர்கள் கண்ணை மூடி அதை இழுத்து ரசிப்பார்கள். எனக்கு அம்மம்மாவின் குசினி ஞாபகம் வரும். பள்ளிக்கூட விடுமுறையில் பேரப்பிள்ளைகளை வரிசையாக இருத்தி, மூக்கைப் பொத்தி, கரண்டியால் பருக்குவார். அந்தக் காலத்து விமானிகளுக்கும் இந்த எண்ணெய்ப் புகையை விழுங்கி வயிற்றைக் கலக்குமாம். அதை முதன்முதல் வாசித்தபோது, நூறு வருடங்களுக்கு முந்தைய அந்தப் பொடியன்களோடு ஒரு சொந்தம் வந்ததுபோல இருந்தது.

போன கோடையில் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மகளுக்குப் பதினொரு வயது, விமானம் என்றால் உயிர். அம்மாவுக்கு எழுபத்தாறு, வெயில் என்றால் உயிர். ஸ்பிட்ஃபயர் தாழப் பறந்து வந்தபோது கூட்டம் முழுவதும் அமைதியானது. ஒலிபெருக்கியில் கதைத்தவரின் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அம்மா மடக்குக் கதிரையில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

காட்சி முடிந்தது. தங்கள் சொந்த விமானங்களில் பார்வையாளர்களாகப் பறந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பத் தொடங்கினார்கள். வெள்ளை உடலில் சிவப்புக் கோடுகளோடு, இறக்கை நுனிகளில் எரிபொருள் தாங்கிகளோடு, ஒரு சின்ன விமானம் எழும்பி எங்கள் பக்கமாகச் சரிந்து திரும்பியது. அம்மாவின் கை மகளின் உச்சந்தலையில் விழுந்து கீழே அழுத்தியது. பிள்ளை புல்லில் குந்திவிட்டாள்.

"என்ன அப்பம்மா?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றார் அம்மா. கையை எடுக்கவில்லை. சத்தம் போன பிறகுதான் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "சியாமா செட்டி எல்லோ?" என்றார்.

அதேதான்.

நகல் போர்விமானங்களை ஒரு கலைவடிவமாக எடுத்துக்கொண்டு எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அவற்றுக்கு ஆசிரியர்கள் உண்டு, மூலம் உண்டு, மரபு உண்டு, கடுமையான விமர்சகர்களும் உண்டு. நாவலையோ சினிமாவையோ போல அவற்றையும் நல்லது, கெட்டது, பொய்யானது என்று பிரிக்கலாம். மனதில் குறிப்புகள் தயாராக இருந்தன. அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு, குறிப்புகளின் ஒழுங்கு மாறிவிட்டது.

முதலில் நல்ல நகலைப் பற்றிச் சொல்கிறேன். ஓல்ட் வார்டனில் ஒரு சொப்வித் ட்ரைப்ளேன் இருக்கிறது. மூன்று அடுக்கு இறக்கைகள் கொண்ட 1916ஆம் ஆண்டு வடிவமைப்பு. இது அந்தக் காலத்தில் செய்தது இல்லை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு தன்னார்வக் குழுவினர், வார இறுதிகளில் கூடி, மூல வரைபடங்களை வைத்துப் பல வருடங்களாகச் செய்தது. மரம் அதே வகை, துணி அதே வகை, எஞ்சின் அந்தக் காலத்தின் அசல் கிளெர்ஜே. விமானத்தை முதலில் செய்த நிறுவனத்தின் தலைவர் சேர் தோமஸ் சொப்வித் அப்போது உயிரோடிருந்தார். வேலையைப் பார்த்த அவர், இது நகல் இல்லை, தன்னுடைய தொழிற்சாலையின் சற்றுத் தாமதமான உற்பத்தி என்று சொல்லி, 153 என்று தொடர் இலக்கமும் கொடுத்துவிட்டார். 101 வயதில், 1989இல் அவர் இறந்தார். விமானம் 1992இல்தான் முதன்முதல் பறந்தது.

மொழிபெயர்ப்போடு பழக்கமுள்ளவர்களுக்கு இந்தக் கதையின் இனிமை விளங்கும். மூல ஆசிரியரே மொழிபெயர்ப்பை வாசித்துவிட்டு, இதுவும் என் கையெழுத்துத்தான் என்று ஒப்பமிடுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இரண்டாவது வகை, வேடம். பேர்ள் ஹாபர் தாக்குதலைப் பற்றிய 'டோரா! டோரா! டோரா!' படம் 1970இல் வந்தது. பறக்கக்கூடிய ஜப்பானிய விமானங்கள் கைக்கெட்டாததால், அமெரிக்கப் பயிற்சி விமானங்களை வெட்டி ஒட்டி, வால் நீட்டி, நிறம் பூசி ஜப்பானியத் தாக்குதல் அணியாக மாற்றினார்கள். படம் முடிந்தும் அந்த விமானங்கள் வேடத்தைக் கலைக்கவில்லை. மற்றப் படங்களில் நடித்தன, பின்னர் டெக்சாஸில் தொடங்கிய ஒரு பழைய விமானச் சங்கத்தின் கண்காட்சிகளில் வருடாவருடம் பேர்ள் ஹாபரை மறுபடி தாக்கின. 'பேட்டில் ஒஃப் பிரிட்டன்' (1969) படத்தில் இன்னொரு வேடிக்கை. அதில் ஜெர்மன் மெஸ்ஸெர்ஷ்மிட்டாக வருபவை ஸ்பெயினில் செய்யப்பட்ட புச்சோன்கள். அவற்றின் மூக்கினுள் இருப்பது ரோல்ஸ்-ரொய்ஸ் மேர்லின், அதாவது ஸ்பிட்ஃபயரின் எஞ்சின். கண்ணுக்கு எதிரி, காதுக்கு நண்பன். 'டன்கர்க்' (2017) படத்திலும் எதிரியாகப் பறந்தது புச்சோன்தான்.

மூன்றாவது வகை, சுருக்கம். அசல் ஸ்பிட்ஃபயரின் விலை பல மில்லியன் பவுண். ஆசை இருந்து பணம் இல்லாதவர்களுக்காக, எண்பது அல்லது தொண்ணூறு வீத அளவில் ஸ்பிட்ஃபயர் செய்யும் பாகத் தொகுதி ஆஸ்திரேலியாவில் உருவானது. பெட்டியில் வரும், கராஜில் பூட்டலாம். இதில் எனக்குப் பிடித்த சிக்கல் ஒன்று உண்டு. விமானத்தை எண்பது வீதமாக்கலாம், விமானியை எண்பது வீதமாக்க முடியாது. ஆகவே எல்லாம் சுருங்கினாலும் ஆசனமும் கண்ணாடி மூடியும் அதே அளவில் சுருங்க மறுக்கின்றன. தூரத்தில் பார்த்தால் ஸ்பிட்ஃபயர், உள்ளே ஆள் ஏறியதும் தலை பெரிதாகத் தெரியும். எந்த நகலிலும் அதைச் செய்தவரின் உடம்பு ஓரிடத்தில் வெளியே துருத்திக்கொண்டுதான் நிற்கும்.

இந்த உலகத்து மனிதர்களைப் பணக்காரப் பொழுதுபோக்காளர்கள் என்று தள்ளிவிடுவது எளிது, நியாயமில்லை. அப்படியானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் சந்தித்தவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்கள், கடைசல்காரர்கள், என்னைப்போல் கணினி வேலைக்காரர்கள். அமெரிக்காவில் வீட்டில் கட்டும் விமானத்துக்கு ஒரு விதி உண்டு. அதன் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே கட்டியிருக்கவேண்டும், ஏறும் இடத்தில் 'பரிசோதனை' என்ற சொல் தெரியும்படி எழுதியிருக்கவேண்டும். ஒரு மனிதன் பத்து வருடம் இரவிரவாகச் செய்த பொருளின் மேல் இப்படி எழுதி, அதில் தானே ஏறிப் பறப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. எங்கள் மென்பொருள்களிலும் அந்தச் சொல்லைக் கட்டாயமாக்கலாம்.

அவர்கள் தங்களுக்குள் நடத்தும் விமர்சனமும் கூர்மையானது. தறையாணி வரிசை தவறு என்பார்கள். இந்தப் பச்சை 1940இன் பச்சை இல்லை என்பார்கள். ஆனால் வருடக்கணக்காகக் கேட்டபிறகு எனக்கு ஒன்று தெரிகிறது. அவர்களுடைய அளவுகோல்கள் எல்லாம் இரண்டே இடங்களில் இருந்து எடுக்கப்பட்டவை: செய்கிறவனின் மேசை, ஓட்டுகிறவனின் ஆசனம். விமானம் எதன் மேலாகப் பறந்ததோ அந்த இடத்தில் இருந்து ஓர் அளவுகோலும் இல்லை.

மெஸ்ஸெர்ஷ்மிட் 262ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போரில் இறங்கிய முதல் ஜெட் போர்விமானம். சில ஆர்வலர்கள் அமெரிக்காவில் அதை மறுபடி கட்டிப் பறக்கவிட்டார்கள். மெஸ்ஸெர்ஷ்மிட்டின் பெயரைக் காக்கும் அறக்கட்டளை, பழைய தொடர் இலக்கங்களின் தொடர்ச்சியையே இவற்றுக்கும் கொடுத்தது. மூல எஞ்சின்கள் சில பத்து மணித்தியாலங்களுக்கு மேல் தாங்காதவை. ஆகவே பழைய எஞ்சினின் வெளிக்கூட்டை அப்படியே செய்து, அதற்குள் பிற்கால அமெரிக்க எஞ்சினை ஒளித்துவைத்தார்கள். புத்திசாலித்தனமான தீர்வு. இதைப்பற்றி ஆர்வலர்கள் நிறைய வாதாடியிருக்கிறார்கள்: உள்ளே வேறு எஞ்சின் இருந்தால் அசல் ஆகுமா, ஆகாதா?

அந்த வாதங்களில் நான் கேட்டிராத ஒன்று உண்டு. ஒஸ்ரியாவில் குசென் வதைமுகாமின் கைதிகள், மலையைக் குடைந்த சுரங்கத் தொழிற்சாலை ஒன்றில் இந்த விமானத்தின் உடற்கூடுகளைச் செய்தார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தறையாணி எந்த இடைவெளியில் இருக்கவேண்டும் என்று மில்லிமீற்றர் கணக்கில் தெரிந்த ஒருவருக்கு, அதை அறைந்த கை யாருடையது என்பதும் அந்த விமானத்தின் வரலாற்றில் சேர்ந்ததுதானே? நகல் செய்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. வடிவத்தின் மேல் வைத்த அன்பு, வடிவத்தோடு நின்றுவிட்டது என்றுதான் சொல்கிறேன்.

நிலத்தை ஒரேயொரு தடவை காட்சிக்குள் கொண்டுவந்தவர்கள், அதைக் கொண்டுவந்த விதம் பயங்கரமானது. 1976 ஒக்ரோபரில், டெக்சாஸின் ஹார்லிங்கனில், மேலே சொன்ன அதே சங்கத்தின் கண்காட்சி. புதுப்பிக்கப்பட்ட பி-29 குண்டுவீச்சு விமானம் ஒன்று மைதானத்தின் மேலாகப் பறந்தது. ஓட்டியவர் போல் டிபெற்ஸ், ஹிரோஷிமாவின் மேல் குண்டு போட்ட விமானத்தை ஓட்டிய அதே மனிதர். நிலத்தில் வெடிவைத்து, காளான் வடிவத்தில் புகை எழுப்பினார்கள். பார்வையாளர்கள் பார்த்தார்கள். ஜப்பான் எதிர்ப்புத் தெரிவித்தது, அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது.

விமர்சகனாக இந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. விமானம் அசல் வகை. விமானி அசல் மனிதர். புகையும் உண்மையைப் பின்பற்றியது. நகல் கலையின் எல்லா விதிகளின்படியும் இது உச்சமான படைப்பு. இல்லாதது ஒன்றுதான்: புகைக்குக் கீழே யாரும் இல்லை. அந்த இல்லாமையே முழுக் காட்சியையும் பொய்யாக்கிவிட்டது. நுணுக்கம் கூடக்கூடப் பொய்யும் கூடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கீழே ஆட்கள் இருப்பதை இந்த உலகம் மறக்கிறது என்று நான் சொல்வது உவமைக்காக இல்லை. 2015 ஓகஸ்டில் இங்கிலாந்தின் ஷோரம் கண்காட்சியில் பழைய ஹன்ரர் ஜெட் ஒன்று சாகசம் செய்யும்போது நெடுஞ்சாலையில் விழுந்தது. இறந்த பதினொரு பேரும் தரையில், அந்தச் சாலையிலும் அதன் ஓரத்திலும் இருந்தவர்கள். அதன்பிறகு இந்த நாட்டில் காட்சி விதிகள் இறுக்கப்பட்டன. கூட்டத்திலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் இப்போது கவனமாகக் கணக்கிடப்படுகின்றன. நிலத்தில் இருக்கிறவனின் உடம்பு விதிப்புத்தகத்துக்குள் வந்துவிட்டது. கதைக்குள் இன்னும் வரவில்லை.

வேறுவிதமாகவும் செய்யலாம் என்று எனக்குக் காட்டியது யோர்க்ஷயரின் எல்விங்டன் நூதனசாலை. அங்கே ஒரு ஹலிஃபக்ஸ் நிற்கிறது, நான்கு எஞ்சின் கனரகக் குண்டுவீச்சு விமானம். பறக்காது. அதன் உடற்கூட்டின் ஒரு பகுதி, ஸ்கொட்லாந்தின் லூயிஸ் தீவில் ஒரு விவசாயியின் கோழிக்கூடாக இருந்தது. இறக்கைகள் ஹேஸ்ரிங்ஸ் என்ற வேறொரு விமானத்தினுடையவை. மிச்சத்தைத் தேடியும் செய்தும் பொருத்தினார்கள். அசலா, நகலா என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. கோழிக்கூடாக இருந்ததை மறைக்கவும் இல்லை. எல்விங்டன் போர்க்காலத்தில் இரண்டு பிரெஞ்சுக் குண்டுவீச்சு அணிகளின் தளம். ஜெர்மனியின் பிடியில் இருந்த தங்கள் சொந்த நாட்டின் இலக்குகள் மேலும் அவர்கள் குண்டுபோட வேண்டியிருந்தது. கீழே தெரிந்த கூரைகள் யாருடையவை என்று அவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் நிற்கும்போது, மேலே இருந்தும் கீழே இருந்தும் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டி வருகிறது.

அங்கே நின்றபோது எனக்கு இன்னொன்றும் உறைத்தது. எல்விங்டனுக்குக் கிட்டவே பொக்லிங்டன் என்ற இடம். 1942இலிருந்து அங்கே தளமிட்டிருந்த அணியின் முழுப்பெயர் 102 (சிலோன்) ஸ்குவாட்ரன். அவர்கள் ஓட்டியதும் ஹலிஃபக்ஸ். போருக்காகக் குடியேற்ற நாடுகள் கொடுத்த நிதிக்கு நன்றியாக இப்படி அணிகளுக்குப் பெயர்வைத்தார்கள். மதறாஸ் மாகாணத்தின் பெயர் 79, 234, 264 ஆகிய மூன்று அணிகளுக்கு இருந்தது. மலாய் நாடுகளின் பெயரிலும் ஓர் அணி. நாங்கள் எந்த ஊரில் இருந்து புறப்பட்டவர்களாக இருந்தாலும், எங்கள் பாட்டன்மார் காலத்துப் பெயர் ஒன்று அந்த வானத்தில் பறந்திருக்கிறது. ஜெர்மன் நகரங்களில் நிலவறைகளுக்குள் பிள்ளைகளின் தலையை அழுத்திக்கொண்டிருந்த தாய்மாருக்கு மேலே, சிலோன் என்ற பெயரும் போயிருக்கிறது. ஹிட்லரை எதிர்த்த போரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் போர் தேவையானது என்றே நம்புகிறேன். ஆனால் நாங்கள் எப்போதும் கீழே மட்டும் இருந்தவர்கள் என்ற கணக்கு, அந்தப் பெயரைக் கண்ட பிறகு எனக்குச் சரிவரவில்லை.

இனி அம்மாவின் விமானத்துக்கு வருகிறேன். சியாய் மார்க்கெட்டி எஸ்.எஃப்.260. இத்தாலிய வடிவமைப்பாளர் ஸ்ரேலியோ ஃபிராட்டி 1960களில் தனியார் பறப்புக்காக வரைந்தது. வானத்து ஃபெராரி என்று ரசிகர்கள் சொல்வார்கள். விளையாட்டு விமானமாகப் பிறந்த அதற்குப் பிறகு இறக்கையின் கீழ் குண்டு மாட்டுகிற ஒரு வகையும் செய்தார்கள். 1985இல் இலங்கை அதை வாங்கியது. வாயில் நுழையாத பெயரை யாழ்ப்பாணம் தன் வசதிக்கு 'சியாமா செட்டி' ஆக்கியது, கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றின் பெயர்போல. 1990இல் எனக்குப் பன்னிரண்டு வயது. சத்தத்தை வைத்தே சியாமா செட்டியா, சகடையா, ஹெலியா என்று சொல்லிவிடுவேன். எங்கள் ஒழுங்கையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். எஞ்சின் எப்போது இரைச்சலை மாற்றுகிறது, அப்போது பங்கருக்குள் ஓடலாமா, இருந்த இடத்திலேயே குப்புறப் படுக்கவேண்டுமா என்பது பாடம். ஓல்ட் வார்டனில் கண்ணை மூடிக்கொண்டு, "அது மேர்லின்" என்று சொல்கிற கிழவர்களுக்கும் எனக்கும் ஒரே கலைதான் தெரியும். நாங்கள் அதைப் படித்த பள்ளிக்கூடங்கள் வேறு.

அமெரிக்காவில் இதே எஸ்.எஃப்.260இல் பணம் கட்டி ஏறி, விமானப்படை வீரர்போல உடுத்து, பொய்யாக வானச்சண்டை போடும் பொழுதுபோக்கு இருந்தது. அதில் பறந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் அறிந்தது ஒரு நல்ல விமானத்தை. அது அப்படித்தான் பிறந்தது. எனக்குத் தெரிந்ததுதான் அதன் வேடம்.

நகல்களைப் பற்றி நான் எழுதிவைத்திருந்த குறிப்புகள் இந்த இடத்தில்தான் குழம்பின. அன்று பின்னேரம் ஓல்ட் வார்டனில் பறந்த விமானங்களில், போரை மிகச் சரியாகத் திருப்பிச் செய்து காட்டியது, யாரும் நகல் என்று சொல்லாத, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவருடைய சொந்த விமானம். அதற்கு வேடம் போடவில்லை, பழைய நிறம் பூசவில்லை. சத்தம் ஒன்றே போதுமாயிருந்தது, ஒரு கை ஒரு தலையை அழுத்துவதற்கு. சொப்வித் கிழவர் கொடுத்த 153ஆம் இலக்கம்போல, கீழே இருந்தவர்கள் கொடுக்கிற சான்றிதழ் ஒன்றும் இருக்கிறது. அதைக் கேட்டு யாரும் அம்மாவிடம் வருவதில்லை.

இந்தக் காட்சிகளை நிறுத்தவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த கோடையிலும் போவேன். ஆமணக்கெண்ணெய் வாசனையை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒலிபெருக்கியில் கதைக்கிறவரிடம் எனக்கு வேண்டியது ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வாக்கியம் கூடுதலாக. குதிரைவலு சொல்கிறீர்கள், இறக்கை அகலம் சொல்கிறீர்கள், ஓட்டியவர் பெயர் சொல்கிறீர்கள். இது எந்த ஊரின் மேலாகப் பறந்தது என்பதையும் சொல்லுங்கள். தறையாணியை எண்ணுகிறவர்களுக்கு அது பெரிய வேலை இல்லை.

வீடு திரும்பும்போது மகள் பின்னாசனத்தில் நித்திரை. நெடுஞ்சாலைக்கு ஏறும்வரை அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அதை ஓட்டினது ஆர்?" என்று கேட்டார்.

"ஆரோ ஒரு ஆள், அம்மா. பல் டொக்டராயும் இருக்கலாம். சனி, ஞாயிறிலை ஓடுறவை."

கொஞ்சநேரம் யோசித்தார்.

"அவ்வளவு காலமும் தலைக்கு மேலை சுத்தினது. ஒருநாளும் நிமிந்து பாக்கேல்லை" என்றார். "இண்டைக்குத்தான் கண்டனான். வடிவான பிளேன்."